யாருக்கு எவ்வளவு பங்கு?



மாலை ஐந்து மணி. மலைச்சரிவில் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய்மார்கள் லைன் வீடுகளை நோக்கி நடந்து வருகிறார்கள். பாதை திரும்பும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து காசை நீட்டுகிறான். “அப்பாவுக்கு ரெண்டு சிகரெட்டு, பாட்டிக்கு ஒரு போயிலை” என்கிறான். கடைக்காரர் பெட்டியைத் திறந்து இரண்டு சிகரெட்டுகளை உருவித் தாளில் சுற்றிக் கொடுக்கிறார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்குப் புகையிலை விற்பது குற்றம் என்னும் பலகை அவருடைய தலைக்கு மேலேயே தொங்குகிறது. பையன் மிச்சக் காசுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான்.

உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் எவரும் காணக்கூடிய காட்சி இது. கண்டு பழகிப்போனபடியால் நமக்கு அதில் ஒரு விபரீதமும் தோன்றுவதில்லை. ஆயினும் இந்தச் சிறு காட்சியில் எத்தனை பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். அனுப்பிய தகப்பன், விற்ற கடைக்காரர், சிகரெட்டைச் செய்த கம்பெனி, அதன்மேல் வரி வாங்கிய சர்க்கார், கம்பெனியின் இலாபத்தில் பங்கு பெறும் முதலீட்டாளர், இதைப் பார்த்துக்கொண்டே நடந்துபோன நாம். நாளை அந்தத் தகப்பன் நெஞ்சு வியாதியில் விழுந்து, பிள்ளைகள் தவித்து நின்றால், அதற்குப் பொறுப்பு யாருடையது?

“அவனவன் செய்கைக்கு அவனவனே பொறுப்பு. யாரும் அவன் வாயில் சிகரெட்டைத் திணிக்கவில்லையே” என்று பலர் விடை கூறுவார்கள். இந்த விடையில் உண்மை இல்லாமலில்லை. மனிதனுக்குப் புத்தியும் மனச்சுதந்தரமும் உண்டு என்றுதான் நாமும் விசுவசிக்கிறோம். மிதமிஞ்சிய ஊணும் குடியும் புகையிலையும் மட்டசனம் என்னும் புண்ணியத்துக்கு விரோதம் என்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் கூறுகிறது. ஆகவே புகைப்பவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ஒரு செயல் முழுச் சுதந்தரத்தோடு செய்யப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு இரண்டு காரியங்கள் அவசியம் என்பதை நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். ஒன்று, முழு அறிவு. மற்றொன்று, முழுச் சம்மதம். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள் மூளையைப் பற்றிக்கொண்டு, மேலும் மேலும் கேட்க வைக்கிறது. பெரும்பாலோர் அறியாப் பருவத்தில், இருபது வயது நிரம்புமுன்பே, இந்தப் பழக்கத்தில் விழுகிறார்கள். விட வேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறவர்கள் கூட விட முடியாமல் தவிக்கிறார்கள். சம்மதம் இவ்வாறு குறைந்துபோகிறது. அறிவோ வேண்டுமென்றே மறைக்கப்பட்டது. இதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பழைய ஞானோபதேசத்தில், பிறர் பாவத்துக்கு நாம் உடந்தையாகும் வழிகள் ஒன்பது என்று மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். ஆலோசனை சொல்லுதல், கட்டளையிடுதல், சம்மதித்தல், தூண்டிவிடுதல், புகழ்தல், மறைத்தல், பங்குகொள்ளுதல், மௌனமாயிருத்தல், தீமைக்காகப் பரிந்து பேசுதல். திருடனுக்கு ஏணி பிடிப்பவனைப் பற்றித்தான் இது சொல்லப்பட்டது என்று அப்போது நினைத்தோம். இன்றைய பெரிய வியாபாரங்களுக்கும் இந்த அளவுகோல் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

முதலில் மறைத்தலை எடுத்துக்கொள்வோம். 1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இரு அறிஞர்களும், அமெரிக்காவில் வைண்டர், கிரகாம் என்னும் இருவரும், நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைபிடித்தலுக்கும் உள்ள சம்பந்தத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். அப்போது அமெரிக்கச் சிகரெட்டுக் கம்பெனிகள் என்ன செய்தன? 1954-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி, நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டன. மக்களின் ஆரோக்கியமே தங்களுக்கு எல்லாவற்றிலும் மேலானது என்றும், தங்கள் சரக்கு தீங்கானதென்று தாங்கள் நம்பவில்லை என்றும் அதில் கூறின. அதன் பிறகு பல பத்தாண்டுகள், “இன்னும் நிரூபணமாகவில்லை” என்னும் சந்தேகத்தைப் பணம் செலவழித்து வளர்த்தன. அவர்களுடைய சொந்த அலுவலகக் காகிதங்கள் பிற்பாடு நீதிமன்றங்களின் வாயிலாக வெளிவந்தபோது, உள்ளே அறிந்திருந்தது ஒன்று, வெளியே சொன்னது வேறு என்பது உலகத்துக்குத் தெரிந்தது. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளாடிஸ் கெஸ்லர் என்னும் அமெரிக்க நீதிபதி, 1,600 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பில், இக்கம்பெனிகள் கூடிப் பேசிப் பொதுமக்களை ஏமாற்றின என்று முடிவு கூறினார். உண்மையைப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் அவர்களே வெளியிட வேண்டும் என்றும் கட்டளையிட்டார். மேல்முறையீடுகள் முடிந்து அந்த அறிக்கைகள் வெளிவரத் தொடங்கியது 2017 நவம்பரில். பாவம் வெளிப்பட்ட பிறகும் சங்கீர்த்தனத்துக்குப் பதினோரு ஆண்டு ஆயிற்று! அந்த இடைக்காலத்தில் சிகரெட்டு வாங்கியவனை நோக்கி, “நீ தெரிந்துதானே வாங்கினாய்?” என்று கேட்பது எவ்வளவு நியாயம்?

இரண்டாவது, தூண்டுதலும் புகழ்தலும். 1996-ல் நம் நாட்டிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் நடந்த உலகக் கிரிக்கெட் போட்டி ஒரு சிகரெட்டின் பெயரையே தாங்கி நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஓடி விளையாடித் தேகத்தை உரமாக்கும் விளையாட்டுக்கும், ஓடவொட்டாமல் மூச்சை இறுக்கும் பொருளுக்கும் என்ன சம்பந்தம்? 2003-ல் இயற்றப்பட்ட சிகரெட்டு மற்றும் புகையிலைப் பொருள்கள் சட்டம் இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடை செய்தது. ஆனால் வாசலை அடைத்தால் ஜன்னல் வழியாக வரும் சாமர்த்தியம் வியாபாரத்துக்கு உண்டு. புகையிலைக்கு விளம்பரம் செய்யாமல், அதே பெயரில் பாக்குப் பொட்டலத்துக்கும் ஏலக்காய்க்கும் பெரிய நடிகர்களைக் கொண்டு விளம்பரம் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2013 மே மாதம் குட்கா தடை செய்யப்பட்டது. நாட்டில் இத்தகைய தடைகள் வந்ததும், பாக்கை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொரு பொட்டலத்திலும் அடைத்து, வாங்குபவனே கலந்துகொள்ளும்படி விற்கும் தந்திரம் பிறந்தது. சட்டத்தின் எழுத்து தப்பியது. சட்டத்தின் நோக்கம் செத்தது. எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு நீதியைக் கைவிடுகிறவர்களைப் பற்றி நம் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பது வேதாகமம் வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, பங்குகொள்ளுதல். இங்குதான் காரியம் நமக்கு நெருங்கி வருகிறது. நம் நாட்டின் மிகப் பெரிய சிகரெட்டுக் கம்பெனி 1910-ல் இம்பீரியல் டொபாக்கோ என்னும் பெயரில் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. இன்று ஐ.டி.சி. என்று வழங்கும் அந்தக் கம்பெனி ஆட்டாமாவும் பிஸ்கத்தும் நோட்டுப் புத்தகமும் விற்கிறது. ஓட்டல் தொழிலிலும் இறங்கியது. அதன் பெரும் பங்குதாரர்களில் ஒன்று, 1956-ல் நிறுவப்பட்ட நமது ஆயுள் காப்பீட்டுக் கழகம். அஃதாவது, நாம் ஆயுளுக்காகக் கட்டும் பிரீமியப் பணத்தில் ஒரு பகுதி, ஆயுளைக் குறைக்கும் பொருளின் வியாபாரத்தில் முதலாக நிற்கிறது. இது தகுமா என்று கேட்டு 2017-ல் மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடரப்பட்டது. “சட்டப்படி நடக்கும் கம்பெனி, நல்ல இலாபம், அந்த இலாபம் பாலிசிதாரருக்குத்தானே வருகிறது” என்று சொல்லலாம். ஆனால் சட்டம் தடுக்காதது எல்லாம் மனச்சாட்சிக்கு ஏற்றதாகிவிடாது. பங்கு என்னும் சொல் நம் பாஷையில் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களையும் குறிக்கிறது, கம்பெனியின் முதலையும் குறிக்கிறது, குற்றத்தில் சேர்ந்த பாகத்தையும் குறிக்கிறது. ஒரே ஆள் மூன்றிலும் இருக்கக்கூடும்.

பிறரைச் சொல்லும்போது நம்மையும் மறைக்கலாகாது. பாப்பரசர்கள் உரோமையை ஆண்ட காலத்தில், ஒன்பதாம் பத்திநாதர் நாட்களில், 1860-களில், அந்நகரத்தில் அரசாங்கப் புகையிலைத் தொழிற்சாலை ஒன்று கட்டப்பட்டது. அண்மைக்காலம் வரை வத்திக்கானில் அலுவலருக்குக் குறைந்த விலையில் சிகரெட்டு விற்கப்பட்டது. அதனால் நல்ல வருமானமும் வந்தது. மக்களின் ஆரோக்கியத்தைக் கெடுக்கும் காரியத்துக்குத் திருச்சபையின் தலைமைப்பீடம் துணைநிற்கலாகாது என்று கண்டு, காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் அந்த விற்பனையை 2018-ஆம் ஆண்டு முதல் நிறுத்திவிட்டார். வாங்கியவர்கள் வயது வந்தவர்கள்தான். விற்றது சட்ட விரோதமும் அல்ல. ஆயினும், உயிரைக் குடிக்கும் இலாபம் நமக்கு வேண்டாம் என்று கணக்குப் புத்தகத்தை மூடினார்களே, அதுதான் நமக்குப் பாடம்.

இந்தத் தீமையின் அளவு எவ்வளவு? நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13 இலட்சம் பேர் புகையிலையால் மாளுகிறார்கள். 2017-18-ல் வைத்தியச் செலவும், உழைக்க வேண்டியவர்கள் வியாதியாலும் சாவாலும் உழைக்க முடியாமற்போன நஷ்டமும் சேர்ந்து 1,77,341 கோடி ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாடு முழுவதும் புகையிலை உபயோகிக்கும் வயது வந்தவர்கள் 2009-10-ல் நூற்றுக்கு 34.6 பேர், 2016-17-ல் அது 28.6 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டிலோ அதே காலத்தில் 16.2-லிருந்து 20 ஆக ஏறியது. இந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கும் மனிதரை நாம் அறிவோம். வாய்ப்புண் ஆறாமல் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், நம் பக்கத்து வீட்டார்தான்.

குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடியை எதிர்த்துப் போராட அது தோன்றியது. அந்தப் போராட்டத்தில் ஒரு வசதி இருந்தது: வெறிநாய்க்கு விளம்பரம் செய்ய ஆளில்லை; கடிபட்டவர் எண்ணிக்கை கூடினால் இலாபம் கூடும் என்று காத்திருந்த கம்பெனியும் இல்லை. கொசுவுக்குப் பங்குதாரர் இல்லை. புகையிலை வியாதிக்கோ இவையெல்லாம் உண்டு. அதனால்தான் வைத்தியரும் மருந்தும் மாத்திரம் இங்கே போதாமல், சட்டமும் வரியும் எச்சரிக்கைப் படமும் அவசியமாகின்றன. உலக நாடுகள் 2003-ல் கூடிச் செய்த புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் நம் நாடு 2004-ல் சேர்ந்ததும் இதற்காகவே.

இனி, “இக்கம்பெனிகள் பள்ளிக்கூடம் கட்டுகின்றன, குளம் வெட்டுகின்றன, மரம் நடுகின்றன, அந்த நன்மையைக் கணக்கில் சேர்க்கக்கூடாதா?” என்று கேட்பார்கள். சேர்க்கலாம், நன்மை நன்மைதான். ஆனால் தர்மம் வேறு, ஈடுசெய்தல் வேறு. அயலானுடைய பசுவைக் கொன்றவன் கோயிலுக்கு மெழுகுதிரி வாங்கிக் கொடுத்தால் பசுவுக்கு ஈடாகுமா? பசுவின் சொந்தக்காரனுக்கல்லவா அவன் கொடுக்க வேண்டும்! 1998-ல் அமெரிக்காவின் 46 மாநிலங்களுக்கு, 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் கொடுக்கப் பெரிய சிகரெட்டுக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. நோயாளிகளுக்காக அரசாங்கம் செலவிட்டதைத் திருப்பிக் கேட்டதன் பலன் அது. முழு நீதி அன்று. ஆயினும் செலவு யாருடையது என்பதை ஒப்புக்கொண்ட கணக்கு.

இந்தத் தத்துவம் தேயிலைத் தோட்டத்தாருக்குப் புதியதல்ல. 1951-ல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்ட முதலாளி தொழிலாளிக்கு வீடும் வைத்திய வசதியும் பிள்ளைக் காப்பகமும் குடிதண்ணீரும் தர வேண்டும் என்று விதித்தது. அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது வேறு பேச்சு. ஆனால் அதன் அடிப்படை நேரானது: ஒரு மனிதனுடைய தேகத்தால் இலாபம் காண்பவன் அந்தத் தேகத்தின் நலனுக்கும் கடமைப்பட்டவன். கூலி கொடுத்து உழைப்பை வாங்குகிற முதலாளிக்கே இக்கடமை உண்டென்றால், நுரையீரலையும் வாயையும் கெடுக்கும் பொருளை விற்றுக் காசு வாங்குகிறவனுக்கு இல்லாமற்போகுமா?

மற்றொரு கேள்வியைத் தள்ளிவிட முடியாது. திருநெல்வேலி, தென்காசிச் சீமையிலும் வேலூர்ப் பக்கத்திலும் இலட்சக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். புகையிலையை ஒழித்தால் அவர்கள் கதி என்ன? இது நியாயமான கேள்வி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி வாங்கி, தூளைச் சுவாசித்து இருமும் அந்தத் தாய்மாரும் இவ்வியாபாரத்தின் பலியாட்களே. வேறு பிழைப்புக்கு வழி செய்யாமல் கடையை மூடு என்பது இரக்கமற்ற பேச்சு. அவர்களைக் காட்டிச் சட்டத்தைத் தடுப்பதோ அதைவிடக் கொடுமை. ஏழையைக் கேடயமாகப் பிடிப்பவன் ஏழைக்காகப் பேசுகிறவன் அல்லன். மாற்றுத் தொழிலுக்குச் சர்க்கார் உதவ வேண்டும் என்று முன் சொன்ன உலக உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது ஏட்டோடு நில்லாமல் நடக்கும்படி கேட்பது நம் கடமை.

கடைசியாக, மௌனம். நம்முடைய பங்கு பெரும்பாலும் இதுதான்.

2016 முதல் புகையிலைப் பெட்டியின் பிரதான பக்கங்களில் நூற்றுக்கு 85 பாகம் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்க வேண்டும் என்பது விதி. பழக்கத்தை விட விரும்புவோர்க்கு உதவும் இலவசத் தொலைபேசி எண்ணையும் பிற்பாடு அதில் அச்சிடச் செய்தார்கள். ஆனால் நம் பெட்டிக்கடையில் ஒன்றும் இரண்டுமாக உதிரியாகவே விற்பனை நடக்கிறது. உதிரியில் வாங்குபவன் படத்தையும் காண்பதில்லை, எண்ணையும் காண்பதில்லை. டில்லியில் செய்த சட்டம் பெட்டிக்கடைத் தாளில் சுற்றப்பட்டு முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு 100 கஜத்துக்குள் விற்கலாகாது என்பதும் சட்டம். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் அருகே நிலைமை எப்படி என்று பெற்றோர்களாகிய நாம் ஒருநாளாவது நடந்து பார்த்ததுண்டா?

“நாம் சொல்லி என்ன நடக்கும்?” என்று நீலகிரியார் கேட்கக்கூடாது. பிளாஸ்டிக் பைகளை இந்த மலையிலிருந்து விலக்க முடியாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மாவட்ட ஆட்சி உறுதியாக நின்றது, கடைக்காரர்களும் பொதுமக்களும் ஒத்துழைத்தார்கள், துணிப்பை வந்தது. 2019-ல் சிறு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் தடை வந்தது. காட்டு மிருகத்தின் வயிற்றுக்குள் பை போகலாகாது என்று கவலைப்பட்ட நாம், நம் பிள்ளையின் நெஞ்சுக்குள் புகை போகலாகாது என்று கவலைப்பட வேண்டாமா?

குளிருக்கு ஒரு பீடி சூடு தரும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. மெய்யாக நடப்பது வேறு. நிக்கோட்டின் தோலிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கைவிரல்கள் அதனால் மேலும் குளிர்கின்றன. சூடு என்று நாம் எண்ணுவது பழக்கத்தின் ஏமாற்று. வாயில் அடக்கும் புகையிலையும் பசியை மறைக்குமேயன்றி ஆற்றாது. இதை வீட்டில் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். புகைப்பவரை இகழ வேண்டாம். அவர் பெரும்பாலும் ஏமாற்றப்பட்டவர். விட்டு ஓராண்டிலேயே, புகைப்பதால் கூடிய இருதய வியாதியின் அபாயம் பாதியாகக் குறைகிறது என்னும் நல்ல செய்தியைச் சொல்லி அவரைத் தைரியப்படுத்துங்கள்.

ஆகவே இவ்வாரத்தில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியங்களைச் செய்யலாம். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் புகையிலை வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். தகப்பனுக்கு விட முடியாவிட்டாலும் வாங்கும் பாரத்தைப் பிள்ளையின் கையில் வைக்காதிருக்க முடியும். கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள், சிறுவர் காசை நீட்டினால், “போ தம்பி, உனக்குத் தர மாட்டேன்” என்று சொல்லப் பழகுங்கள். அன்று குறையும் சில ரூபாய் உங்களை ஏழையாக்கிவிடாது. சேமிப்பும் முதலீடும் உள்ளவர்கள், தங்கள் பணம் எங்கே வேலை செய்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள்.

கம்பெனியின் குற்றம் பெரியது. சர்க்காரின் கடமை பெரியது. நம்முடைய பங்கு சிறியதுதான். ஆனால் கடைசி நாளில் நம்மிடம் கேட்கப்படுவது கம்பெனியின் கணக்கு அல்ல, நம்முடைய கணக்கு. நாளை மாலை ஐந்து மணிக்கு அந்தப் பையன் மறுபடியும் பெட்டிக்கடைக்கு ஓடி வருவான். அப்போது அந்த வழியாக நடந்துபோகிறவர் நம்மில் ஒருவராக இருக்கலாம்.